புத்தகம் தருபவர்களும் பக்கத்தில் அமர்பவர்களும்

வாசிப்பை வளர்க்கிறோம் என்று சொல்லும் அமைப்புகளுக்கு உலகில் பஞ்சமில்லை. ஒன்று தபாலில் புத்தகம் அனுப்புகிறது, ஒன்று கைப்பேசியில் கதை தருகிறது, ஒன்று சிறைக்குள் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறது. இவை அத்தனையையும் ஒரே பட்டியலில் கொட்டி, 'அனைவருக்கும் பயன்படும்' என்று தலைப்பிட்டுப் பகிர்ந்துவிடுகிறார்கள். அனைவருக்கும் என்றால் யாருக்கும் இல்லை. யுனெஸ்கோவின் கணக்கில், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இன்னமும் 70 கோடிக்கு மேல். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பெண்கள். அவர்களிடம் போய் ஆயிரக்கணக்கான மின்னூல்கள் இலவசம் என்று சொல்லி என்ன பயன்?

ஆகவே இந்த அமைப்புகளை நான் ஒரே கேள்வியால்தான் அளக்கிறேன். புத்தகம் கைக்கு வந்த பிறகு, பக்கத்தில் யார் இருக்கிறார்?

கைக்குழந்தைக்கு: தபால்காரரா, மருத்துவரா?

பாடகி டாலி பார்ட்டன் 1995இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் தாம் பிறந்து வளர்ந்த செவியர் கவுண்டியில் இமாஜினேஷன் லைப்ரரியைத் தொடங்கினார். அவருடைய தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திட்டத்துக்கு வித்து அதுதான். குழந்தையின் பெயரைப் பதிந்துவிட்டால் ஐந்து வயது வரை மாதம் ஒரு புத்தகம், குழந்தையின் பெயருக்கே, வீடு தேடி வரும். வருமானச் சான்று கேட்பதில்லை. பிறந்தவுடன் பதிந்தால் மொத்தம் 60 புத்தகங்கள். இப்போது ஐந்து நாடுகளில் நடக்கும் இத்திட்டம் 2023இல் 20 கோடிப் புத்தகங்களைத் தாண்டியது.

இதற்கு நேர் எதிரான வழி ரீச் அவுட் அண்ட் ரீட். 1989இல் பாஸ்டன் நகர மருத்துவமனையில் குழந்தை மருத்துவர்கள் தொடங்கியது. வழக்கமான உடல் பரிசோதனைக்கு வரும் குழந்தையிடம் மருத்துவர் ஒரு புத்தகத்தை நீட்டுகிறார். கொடுத்துவிட்டு அவர் கவனிப்பதுதான் இதில் அழகு. ஆறு மாதக் குழந்தை அதை இரு கையாலும் பற்றுகிறதா, வாயில் வைக்கிறதா? ஒரு வயதுக் குழந்தை படத்தைச் சுட்டிக்காட்டிவிட்டுத் தாயின் முகத்தைப் பார்க்கிறதா? இரண்டு வயதில் தானே தாளைப் புரட்டுகிறதா? பரிசாகக் கொடுத்த புத்தகம் அங்கேயே வளர்ச்சிப் பரிசோதனைக் கருவியாகவும் ஆகிவிடுகிறது. கூடவே, எப்படிப் படித்துக்காட்டுவது என்று பெற்றோருக்கு இரண்டு நிமிடம் செய்துகாட்டுகிறார்.

எண்ணிக்கையில் மருத்துவரின் புத்தகங்கள் தபால் புத்தகங்களுக்குப் பக்கத்தில்கூட வரா. இருந்தும் என் வாக்கு மருத்துவருக்கே. படித்துக்காட்டும் பழக்கம் ஏற்கெனவே உள்ள வீட்டில் மாதந்தோறும் வரும் புத்தகம் கொண்டாட்டம். பழக்கமே இல்லாத வீட்டில் அது உறை பிரிக்காமல் கிடக்கவும் கூடும். மருத்துவர் சொன்னால் மருந்துச்சீட்டைப் போல மதித்துச் செய்யும் பெற்றோர் எங்கும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இல் இதை எல்லாக் குழந்தை மருத்துவர்களின் கடமைகளுள் ஒன்றாகவே பரிந்துரைத்துவிட்டது. தபால் வழிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளூரில் செலவை ஏற்கும் ஒரு பங்குதாரர் இருந்தால்தான் அந்தப் பகுதிக்குப் புத்தகம் வரும். முகவரி அடிக்கடி மாறும் குடும்பங்கள், அதாவது மிகவும் தேவைப்படுபவர்கள், நழுவிப்போவதும் எளிது.

பிரிட்டனில் 1992இல் பர்மிங்ஹாமில் பிறந்த புக்ஸ்டார்ட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சுகாதாரப் பணியாளர், நூலகம் வழியாகப் புத்தகப் பை போய்ச் சேருகிறது. நூலகத்தின் கதவைக் காட்டிவிடுகிறது என்பது அதன் பலம்.

பள்ளிப் பிள்ளைக்கு: கதைக் களஞ்சியமா, கற்பிக்கும் முறையா?

இங்கேதான் குழப்பம் அதிகம். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தையும், பிரதம் என்ற கல்வி அமைப்பையும் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். பெயர் உறவு இருந்தாலும் இரண்டும் வேறு வேலை செய்பவை.

ஸ்டோரிவீவர் ஒரு களஞ்சியம். 300க்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள், நான்கு படிநிலைகள், திறந்த உரிமம். யார் வேண்டுமானாலும் தரவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், அங்குள்ள படங்களைக் கொண்டே புதுக்கதை பின்னலாம். படைத்தவர் பெயரைச் சொன்னால் போதும். பாடநூலைத் தவிர அச்சில் எதுவுமே இல்லாத சிறு மொழிகளுக்கு இது பெரும் கொடை. தென்னாப்பிரிக்காவின் சைடே நிறுவனம் 2014இல் தொடங்கிய ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக் தளமும் இதே வகை. அங்கே ஆசிரியர்களும் நூலகர்களுமே எழுதிய கதைகள் நிறைய. படங்கள் எளியவை, மண்ணின் மணம் கூடுதல். ஓவிய நேர்த்தி வேண்டுமானால் ஸ்டோரிவீவர், பிள்ளையின் வீட்டு வாசலில் நடக்கும் கதை வேண்டுமானால் மற்றது.

திறந்த தளத்தின் குறையும் திறந்தே கிடக்கிறது. தன்னார்வ மொழிபெயர்ப்புகள் சிலவற்றில், பக்கத்துக்கு ஒரு வரி என்று இருக்கவேண்டிய முதல் நிலைக் கதையில் பெரியவர்களே மூச்சு வாங்கும் சொற்கள் வந்து உட்கார்ந்திருக்கும். பிள்ளையிடம் நீட்டும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப்பார்ப்பது நல்லது. நாக்கு இடறினால் அடுத்த கதைக்குப் போய்விடலாம்.

பிரதம் அமைப்பின் வழி வேறு. ஒரு தாள்; அதில் எழுத்துகள், சொற்கள், நான்கு வரிப் பத்தி, ஒரு சிறு கதை. பிள்ளையைத் தனியாக அமர்த்தி வாசிக்கச் சொல்கிறார்கள். எங்கே நிற்கிறதோ அதுவே அந்தப் பிள்ளையின் நிலை. ஐந்தாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்தில் தடுமாறினால் எழுத்துக் குழுவில்தான் இடம். தினமும் ஒன்றிரண்டு மணி நேரம் வகுப்பை மறந்து, நிலைப்படி பயிற்சி. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளந்து 2005 முதல் வெளிவரும் அசர் அறிக்கைக்கும் அதே தாள்தான் அடிப்படை.

இந்த முறையைப் பல மாநிலங்களில் பல வடிவங்களில் சோதித்திருக்கிறார்கள். பீகாரில் நடந்த சோதனை என் கேள்விக்கு நேரடிப் பதிலாகவே அமைந்தது. பயிற்சி நூல்களை மட்டும் பெற்ற பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. நூல்களோடு ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்த பள்ளிகளிலும் இல்லை. தன்னார்வலர்களும் சேர்ந்து பிள்ளைகளோடு அமர்ந்த பள்ளிகளில்தான் வாசிப்பு முன்னேறியது. பெட்டி பெட்டியாகப் புத்தகம் இறக்கிவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் கொடையாளர்கள் இந்த முடிவைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

2000இல் நேபாளத்தில் வேலையைத் தொடங்கிய ரூம் டு ரீட் இந்தப் பாடத்தைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. உள்ளூர் மொழியில் புத்தகம் வெளியிடுகிறது, வகுப்பில் நூலகம் வைக்கிறது, ஆசிரியருக்கும் பயிற்சி தருகிறது. பள்ளி நிர்வாகமும் அரசும் கைகோக்க வேண்டிய திட்டம் என்பதால் தனியொரு பெற்றோருக்கு இது உதவாது. வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு திண்டாடுபவர், பிரதமின் முறையையும் ஸ்டோரிவீவரின் கதையையும் சேர்த்துக் கையாள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெரியவர்களுக்கு

முதியோர் கல்வியில் இரண்டு வழிமுறைகள் உண்டு. ஒன்று அமெரிக்க மதபோதகர் ஃபிராங்க் லாபாக் 1930இல் பிலிப்பைன்ஸின் மரனாவோ மக்களிடையே தொடங்கிய 'ஒருவர் ஒருவருக்கு' முறை. பொருளாதாரப் பெருமந்தத்தில் பணம் நின்று ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாதபோது, கற்றவர் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குக் கற்பித்தே ஆகவேண்டும், மறுத்தால் உயிர் தப்பாது என்று ஒரு தலைவர் மிரட்டியதாக லாபாக்கே எழுதியிருக்கிறார். அன்பில் பிறந்ததாகப் பலரும் நினைக்கும் இயக்கத்துக்கு இப்படியும் ஒரு முன்கதை! அவர் நிறுவிய அமைப்பும், ரூத் கால்வின் 1962இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸில் தொடங்கிய தன்னார்வலர் அமைப்பும் 2002இல் இணைந்து புரோலிட்டரசி ஆயின.

மற்றது கியூபாவின் 'யோ சி புவேதோ', அதாவது 'ஆம், என்னால் முடியும்'. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூபக் கல்வியாளர் லியோனெலா ரெலிஸ் உருவாக்கியது. 2006இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் விருது பெற்றது. அரை மணி நேரக் காணொளிப் பாடங்கள் 65. எழுத்து தெரியாத பெரியவருக்கும் எண் தெரியும், காசு எண்ணத் தெரியும் என்ற எளிய உண்மைதான் இதன் அச்சாணி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். உயிரெழுத்துகளுக்கு 1 முதல் 5 வரை. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்கு நகரும் வழி. திரை பாடம் நடத்த, வகுப்பில் இருக்கும் உதவியாளர் ஊக்கம் தருகிறார். அவருக்கு ஆசிரியர் பட்டம் தேவையில்லை. 2012இல் ஆஸ்திரேலியாவின் வில்கானியாவில் பூர்வகுடி மக்களிடம் ஆங்கிலத்திலும் இது நடந்தது.

ஓர் ஊரே எழுத்தறிவில்லாமல் இருந்தால் கியூப வழிதான் வேகம். வெட்கம் பிடுங்கித்தின்னும் தனியொருவருக்கு அது சரிப்படாது. அலுவலகத்தில் படிவம் நீட்டினால் 'கண்ணாடி எடுத்துவரவில்லை' என்று சமாளிப்பவர் வகுப்பில் வந்து உட்காரமாட்டார். அவருக்குத் தனி ஆள் வேண்டும். பிரிட்டனின் சிறைகளில் ஷானன் டிரஸ்ட் இதைத்தான் செய்கிறது. வாசிக்கத் தெரிந்த கைதி தெரியாத கைதிக்கு அருகில் உட்கார்ந்து ஒரு தடவைக்கு 20 நிமிடம் சொல்லிக்கொடுக்கிறார். வெளியாளிடம் காட்டத் தயங்கும் அறியாமையைச் சக கைதியிடம் காட்ட முடிகிறது. இந்தக் கட்டுரையில் வரும் அமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

என் கேள்விக்கு அடங்காத ஒன்றும் இருக்கிறது. பிரிஜ் கோத்தாரியின் பிளானட்ரீட், தொலைக்காட்சித் திரைப்பாடல்களுக்கு அதே மொழியில் வரிகளை ஓடவிடுகிறது. 1999இல் குஜராத்தில் தொடங்கிய முயற்சி. பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். கண் தானாக வரியைத் தொடர்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை, புத்தகமும் இல்லை. பள்ளியில் பாதி கற்று, பிறகு மறந்தவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான பயிற்சி கிடையாது. எழுத்தே தெரியாதவருக்கு இது மட்டும் போதாது.

வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு

இவர்களுக்கு வழி ஏராளம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மைக்கேல் ஹார்ட் 1971இல் தொடங்கிய புராஜெக்ட் குட்டன்பர்க்கில் 70,000க்கும் மேற்பட்ட மின்னூல்கள், பெரும்பாலும் ஆங்கிலம், பெரும்பாலும் பழையவை. புதிய புத்தகங்களுக்காக இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் ஓபன் லைப்ரரியை நம்பியிருந்தவர்கள், பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில் 2023இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு கையைப் பிசைகிறார்கள். லட்சக்கணக்கான நூல்கள் இரவல் பட்டியலிலிருந்து நீங்கின. 2009இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டாட் போல் வாசலில் நட்ட பெட்டியிலிருந்து பரவிய லிட்டில் ஃப்ரீ லைப்ரரி அழகான யோசனை. யாருக்கும் தேவைப்படாத புத்தகம் வந்து தங்கும் பெட்டியாக அது மாறாமல் பார்த்துக்கொள்ளத் தெருவில் ஒருவர் வேண்டும். பொது நூலகம் பக்கத்திலேயே இருந்தால் இவை எதுவும் அதற்கு ஈடாகாது.

கண் மங்கியவர்களுக்கு வருவோம். புக்ஷேர் 2002இல் தொடங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களைப் பிரெயில், பெரிய எழுத்து, ஒலி வடிவங்களில் தருகிறது. புதிய நூல்களும் உண்டு. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்கக் காப்புரிமையில் விலக்கு தரும், 2013இல் ஏற்கப்பட்டு 2016இல் நடைமுறைக்கு வந்த மராக்கேஷ் உடன்படிக்கைக்குப் பிறகு இத்தகைய பிரதிகளை நாடுவிட்டு நாடு அனுப்பவும் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா. ஆனால் அச்சு நூலை வாசிக்க முடியாத நிலை என்று உரியவரின் சான்று வேண்டும். எழுபது வயதில் பார்வை குறைந்தவர் தம்மை மாற்றுத்திறனாளி என்று நினைப்பதே இல்லை, விண்ணப்பத்தைத் தொடமாட்டார். 2005இல் பிறந்த லிப்ரிவாக்ஸ் சான்று எதுவும் கேட்பதில்லை. தன்னார்வலர்கள் படித்துப் பதிந்த ஒலிநூல்கள். சிலர் அருமையாகப் படிப்பார்கள், சிலர் பட்டியல் ஒப்பிப்பதுபோல. காப்புரிமை முடிந்த பழைய நூல்கள் மட்டுமே கிடைக்கும். சான்று வாங்கி, கணக்குத் திறந்து கொடுக்க வீட்டில் ஒருவர் முன்வந்தால் புக்ஷேர், வராவிட்டால் லிப்ரிவாக்ஸ்.