இடி விழுந்தாற்போல் தலைவலி: சி.டி.யா, முதுகு நீரா, ஆஞ்சியோகிராமா?

மூளை ரத்தக்குழாயில் புடைத்திருந்த அனியூரிசம் வெடித்தால் கை கால் இழுக்க வேண்டும், வாய் கோண வேண்டும் என்பதில்லை. நொடிகளில் உச்சம் தொடும் தலைவலி மட்டுமே இருக்கலாம். அதனால்தான் மைக்ரேன் என்று எண்ணி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மாத்திரைக்கு வலி குறைந்தது என்பதும் ஆறுதலாகாது. ரத்தக் கசிவின் வலியும் மாத்திரைக்குக் குறையும். மறுபடி வெடிக்கும் ஆபத்தோ முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

எந்தச் சோதனை என்பதை வலி தொடங்கிய நேரமே தீர்மானிக்கிறது.

முதல் 6 மணி நேரத்துக்குள் என்றால், மருந்து செலுத்தாத சாதாரண சி.டி. ஸ்கேனே போதும், கசிவு அநேகமாகத் தப்பாது. ஆனால் வலி தொடங்கிய நேரம் உறுதியாகத் தெரிய வேண்டும், கருவி நவீனமானதாக இருக்க வேண்டும், படத்தை அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் பார்க்க வேண்டும். கடும் ரத்தசோகை இருந்தால் ரத்தம் வெள்ளையாகத் தெரியாமல் போகலாம். 6 மணி நேரம் கடந்தால் மூளைநீர் ரத்தத்தைக் கரைத்துக்கொண்டே போகும், சி.டி. ‘நார்மல்’ என்பதை அதற்குமேல் நம்பி அனுப்பக் கூடாது.

அங்கேதான் முதுகில் ஊசி குத்தி மூளைநீரை எடுத்துப் பார்க்கும் முதுகு நீர்ச் சோதனைக்கு வேலை. சிவப்பணுக்கள் சிதைந்து நீர் மஞ்சளாக ஏறத்தாழ 12 மணி நேரமாகும். பிறகு அந்த நிறம் இரண்டு வாரம்வரை நிற்கும். அவசரப்பட்டு முன்பே எடுத்தால் மஞ்சள் இருக்காது. ஊசி குத்தியதில் கலந்த ரத்தமும் குழப்பும். மஞ்சள் இல்லை, மைக்ரோலிட்டருக்குச் சிவப்பணு 2,000-க்குக் கீழ் என்றால் அனியூரிசக் கசிவை ஒதுக்கலாம். மாதிரியை வெளிச்சம் படாமல் உடனே லேபுக்கு அனுப்பாவிட்டால் முடிவே பிசகும். மூளைக்காய்ச்சலும் இதிலேயே தெரிந்துவிடும் என்பது கூடுதல் பலன். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு இது சரிவராது.

மருந்து செலுத்தி ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் வேகமானது, நோயாளிக்கும் எளிது. அது காட்டுவது புடைப்பை, கசிவை அல்ல. பெரியவர்களில் 100-க்கு 3 பேருக்கு வெடிக்காத அனியூரிசம் இருக்கும் என்பதால், வேறு காரணத் தலைவலிக்காரரைத் தேவையற்ற அறுவை சிகிச்சைக்குத் தள்ளும் அபாயம் உண்டு. 3 மி.மீ.க்குக் குறைந்தவை கண்ணுக்குத் தப்பவும் செய்யும். ஆகவே சந்தேகம் தீர்க்க முதுகு நீரையே முதலில் பரிந்துரைப்போம். அது முடியாதபோது ஆஞ்சியோகிராம். சி.டி.யில் கசிவு உறுதியானாலோ ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடவே கூடாது. அதிலும் புடைப்பு தெரியாவிட்டால் ரத்தக்குழாய்க்குள் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைச் செலுத்திச் செய்யும் ஆஞ்சியோகிராமான டி.எஸ்.ஏ.

நாள் கடந்து வருபவருக்கு எம்.ஆர்.ஐ. உதவும்.

ஒரே ஒரு விலக்கு: தலைவலியோடு ஒரு கண்ணின் இமை சரிந்து பாப்பாவும் விரிந்திருந்தால், சாதாரண சி.டி. சுத்தமாக இருந்தாலும் மணிக்கணக்குப் பார்க்காமல் நேரே ஆஞ்சியோகிராமுக்குப் போக வேண்டும். வீங்கும் அனியூரிசம் கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம்.