தனியாகப் புகாரா, தொழிற்சங்கம் வழியாகவா?

பினாங்கில் தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அக்கா மகளுக்கு ஓவர்டைம் காசு குறைந்தது. சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாததால் 1955 வேலைச் சட்டப்படி அந்தக் காசைக் கேட்க வழி இருக்கிறது. தொழிலாளர் இலாகாவில் ஒருவராகவே புகார் கொடுக்கலாம், சந்தா கிடையாது. பாக்கிக் காசுக்கு இதுவே சரி. ஆனால் அடுத்த மாத ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிப்ட் என்ற பட்டியல், பழையபடிதான் வரும்.

ரோஸ்டரை மாற்ற நான் சங்கத்தையே நம்புவேன். மெதுவான வழிதான். தொழிலாளர் சார்பில் பேசத் தன்னை ஏற்கும்படி சங்கம் வைக்கும் அங்கீகாரக் கோரிக்கைக்கு முதலாளி 21 நாளில் பதில் தரவேண்டும். மறுத்தால் இரகசிய வாக்கெடுப்பு வரை போகலாம், பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி வழிகிறவர்களிடம் ஆள் சேர்ப்பது லேசா? ஆனால் சங்கமும் முதலாளியும் வேலை நிபந்தனைகள் பற்றிப் போடும் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானால் குறைந்தது 3 ஆண்டு நிற்கும்.

அவள் இலாகாவுக்குத்தான் முதலில் போனாள். சங்கப் படிவம் இன்னும் கைப்பையில் கிடக்கிறது.