சாவி கொடுக்கும் அலாரம் கடிகாரம்: நான்கு மாதப் பழக்கத்துக்குப் பின்

படுக்கையறையிலிருந்து கைப்பேசியை வெளியேற்ற வேண்டும் என்று நினைத்த ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சாக்கு குறுக்கே நின்றது: காலையில் எழுப்புவதற்கு அது வேண்டும். எழுப்புவதற்கென்று தலைமாட்டில் வைத்த அந்தக் கைப்பேசிதான் தூங்கவிடாமலும் செய்தது. இரவு பதினொரு மணிக்கு அலாரம் வைப்பதற்காகக் கையில் எடுப்பேன். பன்னிரண்டரைக்கு, முன்பின் தெரியாத ஒருவர் தம் வீட்டுக் கதவுக்கு வண்ணம் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சாக்கை ஒழிப்பதற்காக வாங்கியதுதான் இந்தக் கடிகாரம்.

உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கூடு, மேலே இரண்டு மணிகள், அவற்றுக்கிடையே ஒரு சிறு சுத்தியல். பேட்டரி கிடையாது. பின்புறம் இரண்டு சாவிகள் இருக்கின்றன. ஒன்று ஓட்டத்துக்கு, மற்றொன்று அலாரத்துக்கு. சாவியைத் திருகும்போது உள்ளே ஒரு சுருள்வில் இறுகுகிறது. அது விரியத் துடிக்கும் விசையை ஒரேயடியாக விட்டுவிடாமல், இப்படியும் அப்படியும் ஆடும் ஒரு சிறு சக்கரம் பல் பல்லாக அளந்து விடுகிறது. நமக்குக் கேட்கும் ‘டிக் டிக்’ ஒலி, ஒவ்வொரு பல்லும் தடுக்கப்பட்டு விடுபடும் ஓசைதான். 1675இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அந்த ஆடும் சக்கரத்தோடு மெல்லிய சுருள்வில் ஒன்றை இணைத்து அறிவித்த முறையே, அடிப்படையில், இன்றும் என் மேசைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது.

காலம் காட்டுவதில் இது கறாரானது அல்ல. முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 4 நிமிடம் பின்தங்கியது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தை நம்பி ஓடும் குவார்ட்ஸ் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் இது வெட்கப்படத் தக்க கணக்கு. பின்புறத்தில் ‘எஃப்’, ‘எஸ்’ என்ற இரு எழுத்துகளுக்கிடையே ஒரு நெம்பு இருக்கிறது. முன்னதை நோக்கித் தள்ளினால் வேகம் கூடும், பின்னதை நோக்கித் தள்ளினால் குறையும். மயிரிழை நகர்த்தியதற்கே மறுநாள் 2 நிமிடம் முந்திக்கொண்டது. பத்து நாள் பொறுமையாகத் திருத்தியதில் இப்போது ஏறக்குறைய 1 நிமிட வேறுபாட்டில் நிற்கிறது. அந்த ஒரு நிமிடத்தை நம்ப முடியாததால் நான் எங்கும் ஐந்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன் என்பது, தயாரித்தவர்கள் எண்ணியிராத பயன்.

அலாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாங்குபவர்கள் ஏமாறக்கூடிய இடம் அதுதான். அலாரத்தின் முள் 12 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில் இயங்குகிறது; காலை ஐந்தரையும் மாலை ஐந்தரையும் அதற்கு ஒன்றே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கே மறுநாளைக்கான அலாரத்தைத் தயார்செய்துவிட்டு, கடமையை முன்கூட்டியே முடித்த பெருமையோடு இருந்தேன். அது அன்று மாலை ஐந்தரைக்கே, நான் வேறு அறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, வீடே அதிரும்படி அடித்து ஓய்ந்தது. சுருள்வில் முழுவதும் அப்போதே விரிந்துவிட்டதால் மறுநாள் காலையில் அடிக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. கண் விழித்தபோது மணி ஏழே முக்கால். ஆகவே, மணியடிக்க வேண்டிய நேரத்துக்கு 12 மணி நேரம்கூட இல்லாதபோதுதான் இதற்குச் சாவி கொடுக்க வேண்டும், அதாவது படுக்கப் போகும்போது. ‘இன்னும் ஐந்து நிமிடம்’ என்று கெஞ்சுவதற்கான பொத்தானும் இதில் இல்லை. அலாரத்துக்கு இரண்டு திருகு மட்டும் கொடுத்தால் மணி சிறிது நேரம் அடித்துத் தானாகவே அடங்கிவிடும் என்பது, பக்கத்தில் உறங்குபவரின் கோபத்துக்கு ஆளான பிறகு நான் கண்டுபிடித்த சமாதானம்.

ஓசை இன்னொரு குறை. வெறும் மரமேசைமேல் வைத்தால் மேசையும் சேர்ந்து ஒலிக்கிறது. நான்காக மடித்த துண்டின்மேல் வைத்ததும் பாதியாக அடங்கியது. மூன்று இரவுகளுக்குப் பின் எனக்குக் காதில் விழவில்லை, ஆனால் மெல்லிய தூக்கம் உடையவர்கள் இதை வாங்கவே வேண்டாம். முட்களில் பூசிய ஒளிரும் பூச்சு விளக்கணைத்த முதல் மணி நேரத்தில் பளிச்சென்று தெரிந்து, நள்ளிரவுக்கு மேல் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது.

பெட்டியின்மேல் ‘நிதானமான வாழ்வுக்கு’ என்று அச்சிட்டிருந்ததைப் பார்த்து எனக்கு எரிச்சலே வந்தது. எளிய வாழ்வு வேண்டும் என்பவனிடம் இன்னுமொரு பொருளை விற்பதில் உள்ள முரண் அச்சிட்டவருக்கு உறைக்கவில்லை போலும். கைப்பேசியை அறைக்கு வெளியே வைப்பது மட்டுமே நோக்கம் என்றால் சாதாரணப் பேட்டரி கடிகாரமே போதும். அது துல்லியமாகவும் ஓடும், சத்தமும் குறைவு. இதில் கூடுதலாக எனக்குக் கிடைப்பது, இரவு பத்து மணிக்கு அதைக் கையில் எடுத்து, சாவி இறுகி நிற்கும் வரை திருகும் அந்த அரை நிமிடம். விரல்களுக்கு அடியில் சுருள் இறுகுவது தெரியும். அதற்கு மேல் வலிந்து திருகக் கூடாது. அன்றைய நாளில் நான் தொட்ட பொருள்களில், தொட்டவுடன் எதையும் என்னிடம் கேட்காத ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கிறது. இதற்காக வாங்குவீர்களானால் வாங்கலாம்.

கைப்பேசி இப்போது கூடத்தில் உறங்குகிறது. சில இரவுகளில் தண்ணீர் குடிக்கப் போகும் சாக்கில் அதை எட்டிப் பார்த்துவிட்டு வருவதையும் மறைப்பதற்கில்லை. இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பினால் கடிகாரம் ஏதோ ஒரு மணியில் உறைந்து நின்றிருக்கும். சாவி கொடுத்து ஓட்டத்தைத் தொடங்கிவிடலாம். ஆனால் முட்களைச் சரியான நேரத்துக்குத் திருப்பக் கூடத்துக்குப் போய்க் கைப்பேசியைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.