மாடல் ரேஸ் படகில் குட்டி டர்பைன்: காற்றைத் தள்ளுவதா, ப்ரொப்பல்லரைச் சுழற்றுவதா?

ரிமோட்டில் ஓட்டும் மாடல் படகில் வேகம் மட்டும்தான் வேண்டும் என்றால் பிரஷ்லெஸ் என்கிற மின் மோட்டாரும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியும் போதும். திராட்டிலைத் தொட்டால் பாயும், விட்டால் அடங்கும். குட்டி டர்பைன் ஐட்லிங்கிலிருந்து முழு வேகத்துக்கு ஏறவே சில வினாடிகள் எடுத்துக்கொள்ளும். வளைவுகள் உள்ள போட்டியில் மோட்டாரோடு மல்லுக்கட்ட அதனால் முடியாது. இதெல்லாம் தெரிந்தும் அந்தச் சீற்றமும் மண்ணெண்ணெய் வாடையும் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்குத்தான் இந்த அலசல்.

அவர்கள் முன்னால் இரண்டு வழிகள். மாடல் விமானத்துக்கான ஜெட் டர்பைனை அப்படியே மேல்தளத்தில் ஏற்றி, பின்னால் பீறிடும் வாயுவின் உந்துதலிலேயே படகை ஓட்டலாம். இல்லையென்றால், கூடுதலாக ஒரு டர்பைன் சக்கரமும் (பவர் டர்பைன்) கியர்பாக்ஸும் கொண்ட ஷாஃப்ட் டர்பைனைப் படகுக்குள் வைத்து ப்ரொப்பல்லரைச் சுழற்றலாம். நான் முதல் கட்சி. என் படகில் இருப்பது 100 நியூட்டன், அதாவது சுமார் பத்து கிலோ எடையைத் தூக்கும் அளவு, உந்துதல் தரும் ஜெட். ஷாஃப்ட் டர்பைனை நண்பர்கள் படகில் கூட நின்று பார்த்ததோடு சரி. அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய படகுகளிலும் இதே இரண்டு கட்சிதான். 1978-ல் ஆஸ்திரேலியாவின் ப்ளோவரிங் அணையில் கென் வார்பி மணிக்கு 511 கிலோமீட்டர் தொட்டது வெஸ்டிங்ஹவுஸ் ஜெட் இன்ஜினின் நேரடி உந்துதலில். அமெரிக்காவின் அன்லிமிடெட் ஹைட்ரோபிளேன்களோ (தண்ணீர்ப் பரப்பில் வழுக்கிப் பாயும் பெரிய ரேஸ் படகுகள்) சினூக் ஹெலிகாப்டரின் டி55 டர்பைனை வைத்து ப்ரொப்பல்லரைச் சுழற்றுகின்றன. நேர்கோட்டுச் சாதனைக்கு ஒன்று, வட்டப் பாதையில் முட்டி மோத மற்றொன்று.

எரிபொருள் கணக்கில் ஜெட் படுமோசம், அதை மறைக்க வேண்டியதில்லை. படகு வினாடிக்கு 40 மீட்டர் போகும்போது 100 நியூட்டன் உந்துதல் தருவது 4 கிலோவாட். அதற்கு நிமிடத்துக்கு 350 மில்லிலிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கிறது. எரியும் ஆற்றலைக் கணக்கிட்டால் சுமார் 200 கிலோவாட். நூற்றுக்கு இரண்டுதான் படகுக்கு. வெளியேறும் வாயு வினாடிக்கு 400 மீட்டருக்கு மேல் ஓட, படகு அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் போனால் வேறென்ன நடக்கும்? ப்ரொப்பல்லர் தண்ணீரைப் பிடித்துத் தள்ளுவதால் இதில் எங்கோ மேலே நிற்கிறது. ஐந்து நிமிட ஓட்டத்துக்கே ஜெட்டுக்கு இரண்டு லிட்டர் டேங்க் வேண்டும். அதைச் சரியாகப் படகின் எடை மையத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் டேங்க் காலியாகக் காலியாகப் படகின் குணமே மாறிவிடும்.

அப்புறம் ஏன் ஜெட்? பேரிங்குக்காக. எனக்கு மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஜெட்டில் இருப்பது இரண்டே பேரிங்குகள். எரிபொருளில் கலந்த ஐந்து சதவீத ஆயிலில் ஒரு சிறு பங்கு அவற்றின் வழியே போய் எரிந்துவிடும். தனி ஆயில் டேங்க் கிடையாது. நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று வரை சுழலும் இடத்தில் அவ்வளவுதான் பாதுகாப்பு. தயாரிப்பாளர்கள் 25 மணி, 50 மணி என்று சர்வீஸ் கெடு வைப்பது விமானத்தை நினைத்து. ரேஸ் படகு கவிழும். அணைத்தபின் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றிச் சுற்றி இன்ஜினைக் குளிரவைக்கிற வேலை கவிழ்ந்த படகில் நடக்காது. 600 டிகிரியில் இருந்த உலோகம் குளத்தில் மூழ்கும். பேரிங்கின் செராமிக் குண்டுகள் துருப்பிடிக்காது. அவை ஓடும் எஃகு வளையம் துருப்பிடிக்கும். மிச்சமிருக்கும் ஆயிலும் சூட்டில் கருகிப் பிசினாக ஒட்டிக்கொள்ளும்.

ஜெட் கவிழ்ந்தால் வேலை இதுதான்: தண்ணீரை வடித்து, பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரால் சுற்றி ஈரத்தை விரட்டி, பேரிங்குக்கு ஆயில் காட்டி, அன்றைக்கே ஒரு தடவை சூடாக ஓட்டி உலர்த்திவிட வேண்டும். ஆறியபின் முன்பக்கம் கம்ப்ரஸர் (காற்றை இழுத்து அமுக்கும் சக்கரம்) நட்டை விரல் நுனியால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் சுற்றித் தானாக நின்றால் சரி. மணல் அரைபடுவதுபோல் ஒரு நெருடல் விரலுக்குத் தெரிந்தால் பேரிங் மாற்றாமல் ஓட்டக்கூடாது.

ஷாஃப்ட் டர்பைனில் இதே இரண்டோடு பவர் டர்பைனின் பேரிங்குகள், கியர்பாக்ஸ், ஷாஃப்டுகளை இணைக்கும் கப்ளிங் எல்லாம் சேரும். ஒவ்வொரு முழுக்குக்கும் அத்தனையும் பிரிக்கிற பொறுமை எனக்கில்லை. அதைவிடப் பெரிய தொந்தரவு ப்ரொப்பல்லர் தண்ணீரை விட்டு எழும்பும் நொடி. சுமை போனதும் பவர் டர்பைன் தறிகெட்டு ஓடப் பார்க்கும். எரிபொருளைக் குறைக்கச் சொல்லி கட்டுப்பாட்டுப் பெட்டி கட்டளையிட்டாலும், அதற்கு வாயு தரும், முன்னால் சுற்றும் ரோட்டர் உடனே தணியாது. அலை உள்ள நாளில் இது நிமிடத்துக்குப் பல தடவை நடக்கும்.

ஜெட்டுக்கும் ஒரு கிறுக்குப் புத்தி உண்டு. இன்ஜின் உயரத்தில் இருப்பதால் உந்துதல் மூக்கை அமுக்கும். வேகமெடுத்தபின் அது நல்லது. படகு மல்லாக்கத் தூக்கி அடிப்பதைத் தடுக்கும். கிளம்பும்போது திராட்டிலைச் சட்டென்று முழுக்கக் கொடுத்தால் மூக்கு தண்ணீரைக் குத்தும். இன்ஜின் மவுண்டில் ஒன்றிரண்டு டிகிரி மாற்றிப் பார்த்துத்தான் எனக்குப் படிந்தது. காற்று நுழையும் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்பும் வேண்டும்: தூறலை டர்பைன் பொறுத்துக்கொள்ளும், அள்ளித் தெளித்த தண்ணீரைப் பொறுக்காது, அணைந்துவிடும்.

வெப்பத்திலும் ஜெட்டுக்கே சாதகம். சூடு வெட்டவெளியில் போய்விடுகிறது. ஷாஃப்ட் டர்பைனுக்குப் படகுக்குள்ளேயே புகைக்குழாய், செராமிக் போர்வை, காற்றுவழி எல்லாம் அமைக்க வேண்டும்; படகின் உடலை ஒட்டும் எபாக்ஸி பசை 100 டிகிரிக்கு முன்பே இளகத் தொடங்கிவிடும்.

அசல் ஹைட்ரோபிளேனை அச்சு அசலாக மாடலாகக் கட்டுகிறவர் என்றால் ஷாஃப்ட்தான் நியாயம், அங்கே பராமரிப்பைப் பேசிப் பயனில்லை. மற்றவர்களுக்கு இன்னொன்று: ஜெட்டை விற்பது சுலபம், விமானக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஷாஃப்ட் டர்பைனுக்கு ஆள் தேட வேண்டும். விற்கும்போது இன்ஜின் எத்தனை தடவை தண்ணீரில் மூழ்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்; வாங்குகிறவர் அதை ஆகாயத்தில் ஏற்றப் போகிறார்.