வாக்குவம் மீட்டரா, புகைச் சோதனையா? பழைய காரின் ஐடிலிங் கோளாறுக்கு எதை முதலில் நாடுவது

கார்புரேட்டர் காலத்து மாருதி எஸ்டீம் வைத்திருப்பவன் நான். அதன் ஐடிலிங் (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் மெதுவான ஓட்டம்) தடுமாறி, எஞ்சினின் மேல் மூடியான டாப்பெட் கவர் ஓரத்தில் ஆயிலும் கசியத் தொடங்கியபோது எனக்கு மூன்று வழிகள் இருந்தன: கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பது, புகை இயந்திரம் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோவது, அல்லது எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும் ஒரு வாக்குவம் மீட்டரைச் சொந்தமாக வாங்கிவிடுவது. நான் மீட்டரை வாங்கினேன். இப்போதும் அதன் பக்கமே நிற்கிறேன். கோளாறைக் கணினி வழியாகப் படிக்கும் ஸ்கேனரைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை, அதைச் செருகும் சாக்கெட் இந்த வண்டியில் கிடையாது.

ஸ்பிரே மலிவானது. கசிவுள்ள இடத்தில் அடித்தால் ஆவி உள்ளே இழுக்கப்பட்டு எஞ்சின் ஓட்டம் மாறும். ஆனால் சூடான எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் பழைய பிளக் ஒயர்களுக்கும் பக்கத்தில் எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

புகைச் சோதனையின் பலம் வேறு. மினரல் ஆயிலைச் சூடாக்கி எழும் புகையை மிகக் குறைந்த அழுத்தத்தில், காற்று உள்ளே போகும் வழியான இன்டேக்குக்குள் செலுத்தினால், வெடித்த ஹோஸ், காய்ந்த கேஸ்கெட், தேய்ந்த திராட்டில் தண்டு என எதுவாக இருந்தாலும் கசியும் இடம் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் அது எஞ்சினை நிறுத்திச் செய்யும் சோதனை. எஞ்சின் நிற்கும்போது, கிராங்க்கேஸில் (எஞ்சினின் ஆயில் இருக்கும் அடிப்பகுதி) சேரும் வாயுவை இன்டேக்குக்கு விடும் பிசிவி வால்வை அதன் ஸ்பிரிங் மூடியே வைத்திருக்கும். ஆகவே கிராங்க்கேஸ் காற்றோட்டம் ஓட்டத்தில் எப்படி நடக்கிறது என்பதைப் புகையால் சொல்ல முடியாது. இந்தச் சோதனையைப் பிறர் செய்யப் பார்த்திருக்கிறேனே தவிர நானே கையாண்டதில்லை என்பதால், அதன் குறையைச் சற்றுக் கூட்டியே மதிப்பிட்டிருக்கலாம்.

மீட்டரை கார்புரேட்டருக்குக் கீழே இன்டேக் மேனிஃபோல்டின் முனையில் இணைக்க வேண்டும். நல்ல எஞ்சின் சூடேறிய பிறகு ஐடிலிங்கில், கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களில், 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் முள் அசையாமல் நிற்கும். உயரம் 1,000 அடி கூடினால் ஏறத்தாழ 1 அங்குலம் குறையும். கோவையில் 19 காட்டும் எஞ்சின் ஊட்டியில் 13ஐ ஒட்டிக் காட்டினால் அது கோளாறு அல்ல. முள் சீரான இடைவெளியில் வெட்டி வெட்டி இறங்கினால் ஏதோ ஒரு வால்வு சரியாக அமரவில்லை. ஐடிலிங்கில் நடுங்கி, வேகம் கூடியதும் அடங்கினால் வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். அசையாமல் தாழ்ந்தே நின்றால் இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்துவிட்டு, பிரேக் பூஸ்டர் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஹோஸ் என ஒவ்வொன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும். எதைப் பிடிக்கும்போது முள் ஏறுகிறதோ அந்த வழியில்தான் கசிவு.

ஆனால் என் தேர்வை முடிவு செய்தது இவை எதுவும் அல்ல, பேக் கம்ப்ரஷன், அதாவது எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி ஊதுவது, பற்றிய கேள்விதான். ஆயில் மூடியைத் திறந்ததும் புகை அடித்தால், ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும் என்று பட்டறைகளில் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கத்தான் செய்யும். அதை இழுத்து மேனிஃபோல்டுக்கு அனுப்பவே பிசிவி வால்வு இருக்கிறது. அந்த வழி அடைத்துக்கொண்டால் ரிங் நன்றாக உள்ள எஞ்சினும் மூடி வழியாக ஊதும், கேஸ்கெட்டையும் ஆயில் சீலையும் நெருக்கி ஆயிலை வெளியே தள்ளும். பெருஞ்செலவு வைக்கும் வேலையையும் ஒரு ஹோஸோடு முடியும் வேலையையும் மூடியில் கை வைத்துப் பார்த்துப் பிரிக்க முடியாது.

மீட்டரால் பிரிக்க முடியும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று கொடுத்து விட்டால், முள் பூஜ்யத்தருகே விழுந்து 24, 25 வரை எகிறித் திரும்புவது நல்ல ரிங்கின் அடையாளம். அடுத்து, தண்ணீர் நிரப்பிய யூ வடிவக் கண்ணாடிக் குழாயை டிப்ஸ்டிக் துளையில் இணைத்து, ஏர் ஃபில்டரிலிருந்து டாப்பெட் கவருக்கு வரும் ஹோஸைச் சற்று நேரம் மட்டும் அடைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இழுபடாதபடி குழாய் நீளமாக, எஞ்சினுக்குத் தாழ்வாகத் தொங்க வேண்டும். தண்ணீர் எஞ்சின் பக்கம் ஏறினால் காற்றோட்டம் சரி. வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் முதலில் பிசிவி வால்வையும் அதன் ஹோஸையும் மாற்றி மீண்டும் அளக்க வேண்டும். அதன் பிறகும் தள்ளினால்தான் கம்ப்ரஷன் சோதனைக்கும் ரிங் வேலைக்கும் போவது நியாயம். என் வண்டியில் பிசிவி ஹோஸின் வளைவில் தார் போன்ற கறுப்புப் படிவு கெட்டியாக அடைத்திருந்தது. மாற்றியதும் தண்ணீர் எஞ்சின் பக்கம் ஏறி நின்றது, எஞ்சினைத் திறக்கும் அவசியம் வரவில்லை.

பிசிவி வால்வு வாங்கும்போது மரையும் அளவும் ஒத்திருந்தால் போதாது. உள்ளே காற்று செல்லும் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். பொருத்திய பிறகு ஹோஸை அழுத்தினால் ஐடிலிங் இலேசாக இறங்க வேண்டும். மாறாக ஓட்டம் சீராகி முள் இரண்டு மூன்று அங்குலம் ஏறினால், அந்த வால்வு தேவைக்கு மேல் காற்றை விடுகிறது. எல்லா ஹோஸ்களையும் அழுத்திப் பார்த்தும் முள் தாழ்ந்தே நின்றால், மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைச் சந்தேகித்து அப்போது புகைச் சோதனைக்குப் பணம் கொடுக்கலாம்.