குழியா, உரமா, நீரா? இறந்த உடலுக்கு எந்த வழி நல்லது

இறந்தபின் உடலை என்ன செய்வது என்று பேச்செடுத்தாலே, "இப்போ எதுக்கு அந்தப் பேச்சு" என்று யாராவது வாயை அடைத்துவிடுவார்கள். ஆனால் துக்கம் வீட்டுக்குள் வந்தபிறகு நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. அதனால் இப்போதே பேசிவிடலாம்.

மண்ணில் புதைப்பதில் தவறே இல்லை. அதோடு நாம் சேர்த்துக்கொண்டவைதான் சுமை. உடல் கெடாமல் இருக்க ஏற்றும் ஃபார்மால்டிஹைடு கலந்த திரவம், வார்னிஷ் பூசிய மரப்பெட்டி அல்லது உலோகப் பெட்டி, சில நாடுகளில் அந்தப் பெட்டியையே இறக்கிவைக்க ஒரு கான்கிரீட் தொட்டி. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்திவிட்டது. இதில் எனக்கு அதிகம் உறுத்துவது, நாள்தோறும் அதைக் கையாளும் தொழிலாளியின் நிலைதான்.

சரி, எரித்துவிட்டால்? இடம் மிச்சம். ஆனால் எரிவாயு உலை சுமார் 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு மணி நேரம் போல எரிய வேண்டும். கரிவாயு (கார்பன் டை ஆக்சைடு) வெளியேறும். பல்லில் அடைத்த பாதரசக் கலவை இருந்தால், வடிகட்டி இல்லாத உலையிலிருந்து அதுவும் காற்றில் கலக்கும். சாம்பலோடு விதையை வைத்து மரம் வளர்க்கலாம் என்று விற்கிறார்களே, அதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். தகனச் சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் மிக அதிகம். நிறைய மண்ணோடு கலந்து தணிக்காவிட்டால் செடி கருகும். மரம் நட ஆசை என்றால் மரத்தை நடுங்கள். சாம்பல் அதற்கு உரமாகாது.

இந்த இரண்டுக்கும் மாற்றாக இன்று உண்மையிலேயே நடைமுறையில் இருப்பவை மூன்று.

நீர்வழித் தகனத்தில் உடலை எஃகுக் கலத்தில் வைத்து, சுமார் 95 சதவீதம் நீரும் 5 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரமும் கொண்ட கரைசலைச் சூடாக்குகிறார்கள். 150 டிகிரியும் அழுத்தமும் இருந்தால் நாலு முதல் ஆறு மணி நேரம். கொதிநிலைக்குக் கீழே என்றால் 14 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். தசை கரைந்து, எலும்பு மட்டும் நிற்கும். அதைப் பொடித்து வெண்மையான தூளாகக் குடும்பத்திடம் தருவார்கள். உடலில் பொருத்தியிருந்த உலோகச் செயற்கை மூட்டுகள் சுத்தமாக வெளியே வந்துவிடும், பாதரசமும் காற்றுக்குப் போகாது. உலையோடு ஒப்பிட்டால் ஆற்றல் செலவும் வெகு குறைவு. தென்னாப்பிரிக்கப் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு 2021 டிசம்பரில் மறைந்தபோது அவருடைய உடலுக்கு இந்த முறையைத்தான் பின்பற்றினார்கள்.

கரைந்த திரவம் கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறதே என்று பலருக்கு மனம் ஒப்புவதில்லை. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எரிக்கும்போதும் உடலின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகத்தானே போகிறது? இங்கே போவது அமினோ அமிலங்களும் உப்புகளும் சர்க்கரைகளும் கலந்த, கிருமியற்ற நீர்.

அடுத்தது உரமாக்கல். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2019-ல் இதற்குச் சட்டம் இயற்றியது, 2020 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. இந்த யோசனையை விடாமல் முன்னெடுத்தவர் கேத்ரினா ஸ்பேட். உடலை மரச்சில்லு, வைக்கோல், குதிரைமசால் தழை ஆகியவற்றின் நடுவே ஒரு கலத்தில் கிடத்திக் காற்றோட்டம் தருவார்கள். மற்ற வேலையை நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்ளும், வெப்பமும் அவற்றாலேயே உண்டாகும். தொடர்ந்து 72 மணி நேரம் 55 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால் நோய்க்கிருமிகள் அழியும். எஞ்சும் எலும்பைப் பொடித்து அதிலேயே சேர்த்துவிடுவார்கள். கலத்தில் இருக்கும் காலத்தையும் அதன்பின் ஆறப்போடும் காலத்தையும் சேர்த்தால் இரண்டு மூன்று மாதத்தில், ஒரு கனமீட்டருக்குச் சற்றே குறைந்த அளவு நல்ல மண் கிடைக்கும். மரம் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு இதுதான் சரியான வழி. குறை என்னவென்றால், சில இடங்களில் மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. எபோலா, பிரியான் நோய் (உருக்குலைந்த புரதத்தால் மூளை சிதையும் நோய்) போன்றவற்றால் இறந்தவர்களுக்கு இது கூடாது.

மூன்றாவது இயற்கை அடக்கம். மூன்றில் பழமையானது இதுவே, என் மனம் சாய்வதும் இதன் பக்கம்தான். ரசாயனம் கிடையாது, கான்கிரீட் கிடையாது. பருத்தித் துணியோ மூங்கில் பெட்டியோ போதும். குழி மூன்று நாலு அடி ஆழம் இருந்தால் நல்லது, ஏனென்றால் காற்றும் நுண்ணுயிரும் மிகுந்திருப்பது மேல்மண்ணில்தான். ஆழம் கூடக்கூட உடல் மட்கும் வேகம் குறையும். இங்கிலாந்தின் கார்லைல் நகரக் கல்லறையில் கென் வெஸ்ட் 1993-ல் இதற்கென ஒரு காட்டுப் பகுதியைத் தொடங்கினார். அமெரிக்காவின் தென் கரோலினாவில் ராம்சே கிரீக் என்ற இடத்தில் 1998 முதல், அடக்கத்தின் வருமானத்தைக் கொண்டே ஒரு காட்டைக் காத்துவருகிறார்கள். மற்ற வழிகள் கெடுதலைக் குறைக்கின்றன; இது ஒரு நிலத்தை யாரும் விற்றுக் கட்டடம் எழுப்பாமல் காப்பாற்றவும் செய்கிறது. ஆனால் நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் இது ஆகாது. நெரிசலான நகரத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வண்டியில் உடலைக் கொண்டுபோனால், மிச்சம் பிடித்த கரிவாயுவில் கணிசமான பங்கு அந்தப் பயணத்திலேயே போய்விடும். அப்படிப்பட்ட ஊரில் நீர்வழித் தகனமோ உரமாக்கலோ கிடைத்தால் அதுவே மேல்.

உடலுக்குப் போர்த்தும் காளான் விதைத்த உடை, பூஞ்சையிழையால் வளர்த்த சவப்பெட்டி என்றும் வருகின்றன. பெட்டி சீக்கிரம் மட்குவது நல்ல விஷயம். அதற்காக உடலையும் காளான் விரைவாகத் தின்றுவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நல்ல மேல்மண்ணில் உள்ள உயிர்களே அதற்குப் போதும். திரவ நைட்ரஜனில் உறையவைத்துத் தூளாக்கும் சுவீடன் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டாலும் நடைமுறைச் சேவையாக வரவே இல்லை.

அப்புறம் ஒரு விஷயம். இதில் எதைத் தேர்ந்தாலும், உடலைப் பதப்படுத்த வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இயற்கை அடக்கம் செய்யும் இடங்களில் பெரும்பாலும் பதப்படுத்திய உடலை ஏற்பதில்லை. நான் என் விருப்பத்தை அரைப் பக்கத்தில் எழுதிவிட்டேன்: ரசாயனம் வேண்டாம், பருத்தித் துணி, ஆழம் குறைந்த குழி, கல் வேண்டாம், பக்கத்தில் இடம் இல்லையென்றால் நீர்வழி. வீட்டில் இரண்டு பேரிடம் ஆளுக்கொரு பிரதி இருக்கிறது.