லைவ் ஃப்ராக் பாயின்ட்: ஓட்டம் அருமை, இன்சுலேஷன் தலைவலி

மாடல் ரயிலுக்கு லைவ் ஃப்ராக் பாயின்ட் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பாயின்ட் என்றால் தடம் இரண்டாகப் பிரியும் இடத்துத் தண்டவாளத் துண்டு; அதில் உள் தண்டவாளங்கள் கூடும் V வடிவ முனைதான் ஃப்ராக். அது உலோகமாக இருந்து மின்சாரமும் பெற்றால் லைவ் ஃப்ராக். போன வாரம்தான் ஒன்றைக் கழற்றிச் சரிசெய்து முடித்தேன். அந்தச் சூடு ஆறும் முன்னே எழுதிவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். நான்கு சக்கரம் மட்டுமே உள்ள சின்ன ஷன்டிங் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால்தான் பாயின்ட்டின் தரம் தெரியும். எஞ்சின் சக்கரம் வழியே தண்டவாளத்திலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது; பிளாஸ்டிக் ஃப்ராக் என்றால் மின்சாரம் கிடைக்காத அந்தத் துண்டில் அது பொசுக்கென்று நின்றுவிடும், விரலால் தள்ளிவிட வேண்டும். லைவ் ஃப்ராக்கில் ஊர்ந்து போகும்போதுகூட முகப்பு விளக்கு மினுக்குவதில்லை. பார்க்கவே அவ்வளவு நிறைவாக இருக்கிறது.

ஆனால் அந்த இன்சுலேஷன்! ஃப்ராக்கிலிருந்து கிளம்பும் இரண்டு உள் தண்டவாளங்களுக்கும் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் ஜாயினர் (இணைப்புத் துண்டு) போட வேண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதை மாற்ற நகரும் தண்டவாளமான நாக்கு பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டுவதை மட்டும் நம்பினால், கொஞ்சம் தூசி படிந்தாலே ஃப்ராக்குக்கு மின்சாரம் நின்றுவிடும். அதனால் அடியில் உள்ள இணைப்புக் கம்பிகளை வெட்டி, நாக்குகளை அந்தந்தப் பக்கத் தண்டவாளத்தோடு சேர்த்து, ஃப்ராக்குக்கு மைக்ரோ ஸ்விட்ச் வழியாகத் தனி வயர் கொடுத்தேன். சக்கரத்தின் பின்பக்கம் திறந்த நாக்கில் உரசி ஷார்ட் ஆவதும் இதோடு ஒழிந்தது.

அப்புறம் வந்ததுதான் வினை. நாக்குக்கும் ஃப்ராக்குக்கும் நடுவே தயாரிப்பாளர் விட்டிருக்கும் இடைவெளி மயிரிழைதான். வெயில் ஏறினால் தண்டவாளம் நீண்டு முனைகள் தொட்டுக்கொள்கின்றன. உடனே ஷார்ட் ஆகி, தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பூஸ்டர் கட் ஆகிவிடுகிறது; டிசிசியில் (டிஜிட்டல் முறையில் ரயிலை ஓட்டும் அமைப்பில்) அந்தப் பகுதியிலுள்ள எல்லா ரயிலும் நின்றுவிடுகிறது. குளிர்ந்தபின் மல்டிமீட்டர் வைத்தால் எல்லாம் சரி என்கிறது! ஹேர் டிரையரால் சூடேற்றிய பிறகே மீட்டர் 'பீப்' என்றது. இடைவெளியில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி, சூப்பர் க்ளூ விட்டு, தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரம் போட்டேன். அதன்பிறகு தொல்லை இல்லை.

தகடு வைக்க வேண்டிய வேலையைத் தொழிற்சாலையிலேயே முடித்திருக்கலாம். இவ்வளவு விலை வாங்கிக்கொண்டு அதை நம் தலையில் கட்டுவது நியாயமில்லை. ஓட்டத்தில் இதற்கு இணை இல்லைதான். ஆனாலும் நண்பருக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். யார்டில் இன்னும் வரிசையாக பாயின்ட்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் கழற்றித் தகடு வைத்து முடிக்கும்வரை என் பதில் மாறாது.